பள்ளத்தைத் தேடும் உறைபனி

தை மாசியில் நுவரெலியாத் தேயிலை பனியில் கருகிப்போக, அதே பாதையில் இறம்பொடைக்கு இப்பாலுள்ள தம்மூர்க் கொழுந்து மட்டும் எந்த வருஷமும் கருகாதது ஏன் என்று புசல்லாவை வாசகர் ஒருவர் வினவியிருக்கிறார். உயரமே முதற்காரணம். ஆயிரம் அடி ஏறுந்தோறும் உஷ்ணம் ஏறத்தாழ 2 பாகை சென்டிகிரேட் குறைகிறபடியால், சுமார் 3,000 அடியிலுள்ள புசல்லாவையைவிட 6,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியா ஆறு பாகையளவு குளிர்ந்தே இருக்கும்.

ஆயினும் உயரம் ஒன்றே காரணமாயின், அங்கே மேட்டுச் சரிவுகளல்லவா முதலில் கருக வேண்டும்? நடப்பதோ நேர்மாறு. வடகீழ்ப் பருவமழை தணிந்து, மேகமும் காற்றுமின்றி ஆகாயம் துலங்கும் இரவுகளில், பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் வானுக்கு விட்டுவிட, அதைத் தொட்டிருக்கும் காற்று குளிர்ந்து கனத்து, தோட்டத்துக் கான்வழியே மழைத்தண்ணீர் இறங்குவதுபோலச் சரிவுகளில் மெல்ல வழிந்து, பீதுருதாலகாலை முதலிய மலைகள் சூழ்ந்த பள்ளத்தின் அடியில் தேங்கிவிடுகிறது. விடியும்போது பள்ளத்துப் புல்லும் உருளைக்கிழங்குச் செடியும் வெண்துகள் படிந்து விறைத்திருக்க, சற்று மேலேயுள்ள தேயிலையோ வெறும் ஈரத்தோடு பச்சையாக நிற்கும். வெயில் ஏறியபின்தான் சேதம் கண்ணுக்குத் தெரியும்: இளங்கொழுந்து முதலில் துவண்டு, பிறகு பழுத்து, கடைசியில் விரலிடையே நொறுங்கும். ஆகவேதான் கிழங்குத் தோட்டக்காரர்கள் சூரியன் எழுமுன்னரே தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுகிறார்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த விசித்திரம் ஒன்றுண்டு. கொழுந்தைக் கருக்கும் அந்த வறண்ட குளிரே, ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவுத் தேயிலைக்குத் தனி வாசனையையும் தருகிறது. ஊவாப் பக்கத்திலோ, தென்மேற்குப் பருவக்காற்று மழையை மறுபுறமே கொட்டிவிட்டு வறண்டு வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் அந்த வாசனைக்காலம். ஒரே மலைத்தொடரின் இரு பக்கங்களுக்கு இரு பஞ்சாங்கம்!

இவ்வளவும் அறிந்திருந்தும், பனிக்காலம் நெருங்கும்போதே பள்ளத்து மலையில் கவ்வாத்து வெட்டி இளந்துளிரைப் பலிகொடுப்பதும், இரவில் வெப்பத்தைத் தடுத்து வைக்கும் நிழல் மரங்களைப் பலகைக்காக வீழ்த்துவதும், பள்ளத்தின் வாயில் அடர்ந்த வேலி நட்டுக் குளிர்காற்றின் போக்கை அடைப்பதும் தகுமா? கருகிய மலை மீண்டும் துளிர்க்கப் பல வாரங்கள் செல்லும். அதுவரை கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடை நிறை காட்டாது, கூலியும் குறையும். கவ்வாத்தைப் பனிக்குப் பின்னுக்குத் தள்ளி, வேலியின் தாழ்ந்த முனையில் ஓர் இடைவெளி விட்டாலே பல செடிகள் தப்பும்.