பங்க்கில் கம்மி, வீட்டில் ஜாஸ்தி: கார் இன்ஜின் ஆயில் அளவைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

பெட்ரோல் பங்க்கில் டேங்க் நிரப்பியாயிற்று. ‘சார், ஆயில் செக் பண்ணிடலாமா?’ என்று ஒரு குரல். பானட்டைத் திறந்து ஸ்டிக்கை உருவினால், ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. ‘அரை லிட்டர் ஊத்தணும் சார்.’ பதற்றத்தில் பலரும் சரி என்று தலையாட்டிவிடுவார்கள். மறுநாள் காலை வீட்டில் அதே ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால், ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கும்.

இதில் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்றில்லை. பார்த்த நேரம்தான் தப்பு.

இன்ஜின் ஓடும்போது, அடியில் உள்ள சம்ப்பிலிருந்து ஆயிலை பம்ப் உறிஞ்சி மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆஃப் செய்ததும் அது உடனே கீழே வந்துவிடாது. சொட்டுச் சொட்டாக இறங்க 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதற்குள் பார்த்தால் ‘கம்மி’ என்றுதான் காட்டும். சரிவில் நிறுத்திப் பார்த்தாலும் கணக்கு மாறும். அபார்ட்மென்ட் ராம்ப் அதற்கு ஏற்ற இடமில்லை.

சூட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 70 டிகிரி சூடேறினால் ஆயில் சுமார் 5 சதவீதம் விரியும். 4 லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் இது 200 மில்லிக்குப் பக்கம். சில கம்பெனிகள் இன்ஜின் சூடான பிறகு சில நிமிடம் விட்டுப் பார்க்கச் சொல்கின்றன, சில குளிர்ந்த நிலையில். உங்கள் காருக்கு எது என்பது மேனுவலில் இருக்கும். க்ளவ் பாக்ஸில் தூங்கும் அந்தப் புத்தகத்தை இதற்காகவாவது ஒருமுறை புரட்டலாம்.

ஸ்டிக்கை முதல்முறை உருவியதும் தெரியும் அளவை நம்ப வேண்டாம். சுத்தமான துணியால் துடைத்து, அடிவரை முழுசாகச் செருகி, மறுபடி எடுங்கள். நுனி கீழ்நோக்கியே இருக்கட்டும். தலைகீழாகத் தூக்கினால் ஆயில் வழிந்து ஏறிவிடும். ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் பாருங்கள். குழாயின் சுவரில் ஒட்டிய ஆயில் ஒரு பக்கத்தில் தீற்றியிருக்கும். அதனால், இரண்டில் குறைவாக இருப்பதே சரியான அளவு. புது ஆயில் தேன் மாதிரி தெளிவாக இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒற்றினால் கறை எதுவரை என்று தெரிந்துவிடும்.

பாதிக்கு மேல் இருந்தால் ஊற்ற அவசியமில்லை. பல கார்களில் இரண்டு கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதனால் குறைந்திருந்தாலும் 200 மில்லியாக ஊற்றி, சில நிமிடம் விட்டுப் பார்த்து, பிறகு அடுத்தது.

‘கொஞ்சம் கூட இருந்தா என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. அளவு ரொம்ப மிஞ்சினால், சுழலும் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் உராய்வைத் தடுக்க முடியாது, ஆயில் பிரஷரும் குறையும். மிஞ்சிய ஆயில் இன்ஜினுக்குள் போய் எரிந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் ஆபத்து. கூடுதலாக ஊற்றிவிட்டால், மெக்கானிக்கிடம் போய் வடிப்பதே வழி.

ஊற்றாமலேயே அளவு ஏறினால்? இதுதான் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். 2020 ஏப்ரல் முதல் அமலான பிஎஸ்6 விதிகளால் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் வந்துவிட்டது. சேர்ந்த கரியை எரிக்கப் பல கார்களில் இன்ஜின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். டிராஃபிக்கில் தினமும் சின்னத் தூரம் மட்டுமே ஓட்டினால், அந்த வேலை பாதியில் நின்று, டீசல் ஆயிலில் கலக்கலாம். ‘ஆயில் குறையவே இல்ல, சூப்பர் வண்டி’ என்று சந்தோஷப்படும்போது, உள்ளே ஆயில் நீர்த்துக்கொண்டிருக்கும். ஸ்டிக்கில் எரிபொருள் வாடை வந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போவது நல்லது. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

‘லைட் எரிஞ்சா பாத்துக்கலாம்’ என்பதும் ஆபத்து. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு காட்டுவது அளவை அல்ல, பிரஷரை. அது எரிந்தால் ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும்.

மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பார்த்து, ஸ்டிக்கையும் ஓடோமீட்டரையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்று மெக்கானிக் கேட்டால் அதையே காட்டலாம்.