நாடிநடையும் இதயத்துடிப்பின் இடைவெளியும்: அவிநாசி வட்டார முதியோர் நலன் நோக்கில் ஒரு விளக்கம்

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் முதன்மையாக வைத்து எண்ணப்படுவது நாடி. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, ஆள்காட்டி விரலில் வாதத்தையும் நடுவிரலில் பித்தத்தையும் மோதிர விரலில் ஐயத்தையும் உணரும் மருத்துவர், அவை ஒன்று, அரை, கால் என்னும் மாத்திரை அளவில் நிற்கின்றனவா எனக் காண்பார். நாடி நூல்கள் துடிப்பின் எண்ணிக்கையைவிட அதன் நடையையே மிகுதியும் பேசுகின்றன. வாதம் அன்னம், மயில் போலவும், பித்தம் ஆமை, அட்டை போலவும், ஐயம் பாம்பு, தவளை போலவும் நடக்கும் என்பது அவற்றின் வழக்கு. 'நடை' என்னும் இச்சொல்லாட்சி, முதியோர் நலனை முன்னறிய உதவும் இன்றைய இதயமின் ஆய்வைப் புரிந்துகொள்ள நல்ல வாயிலாகும். ஆயின் இரண்டும் ஒன்றே எனக் கொள்வது பொருந்தாது. முக்குற்றங்கள் மின்வரைபடத்தில் அளக்கப்படுவன அல்ல.

நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் இதயம் நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது என்பது வெறும் சராசரியே. உண்மையில் ஓர் இடைவெளி 0.95 நொடியாகவும் அடுத்தது 1.04 நொடியாகவும் அமையலாம். மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சற்று விரையும், வெளிவிடுகையில் தளரும். வேகஸ் நரம்பும் பரிவு நரம்புகளும் இதயத்தை இடையறாது இழுத்தும் விட்டும் நடத்துவதன் விளைவு இது. வயது ஏற ஏற இந்த நெகிழ்வு சுருங்குகிறது. நீண்டநாள் நீரிழிவால் நரம்புகள் நலிந்தால் மேலும் சுருங்கும். கடிகாரம்போல் ஒரே சீராகத் துடிப்பதே நலத்தின் அடையாளம் என்னும் பொதுநம்பிக்கை இங்குத் தவறாகிறது.

1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரின் 24 மணிநேர மின்பதிவுகளை ஆராய்ந்து, இடைவெளி மாறுபாடு மிகக் குறைந்தோரிடையே இறப்பு பன்மடங்கு மிகுந்ததைக் காட்டியது. 1994-இல் பிரமிங்காம் இதய ஆய்வு, சராசரி வயது 72 உடைய 736 பேரின் இரண்டு மணிநேரப் பதிவிலேயே இத்தகைய தொடர்பைக் கண்டது. இவை குழுவினரைப் பற்றிய கணிப்புகள். தனியொருவரின் ஆயுளை இவற்றால் சொல்லிவிட முடியாது.

இதில் ஒரு பெரும் பொறியும் உண்டு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நோயிலும் இடைவெளிகள் மிகவும் மாறுபடும். எண்ணை மட்டும் நோக்குபவர்க்கு அது நலம்போல் தோன்றும். உண்மையிலோ அந்நடுக்கம் பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. காலத்தே கண்டறிந்து, தகுதியுடையோர்க்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து அளித்தால், அப்பக்கவாதங்களில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஆகவே நெகிழ்வான நடையையும் தாறுமாறான நடையையும் பிரித்தறிவதே இக்கண்காணிப்பின் உயிர்நிலை.

பின்னலாடைத் தொழிலைச் சார்ந்த அவிநாசி வட்டாரத்தில் இதன் பொருள் தெளிவானது. இளையோர் ஷிப்டு முறையில் பனியன் கம்பெனிகளுக்குச் சென்றுவிட, வீட்டில் தனித்திருக்கும் முதியவரின் கிறுகிறுப்பும் படபடப்பும் 'வயசாச்சு', 'வெயில்' என்று கழிந்துவிடக்கூடும். மேலறை நடுக்கம் பலருக்கு எவ்வித அறிகுறியும் காட்டாது. காட்டினாலும் விட்டுவிட்டு வருவதால் ஒருமுறை எடுத்த மின்வரைபடத்தில் சிக்காமல் போகலாம். மணிக்கட்டுக் கருவிகள் ஒளியைக் கொண்டு துடிப்பை உணர்வன. கை அசைந்தாலும் குளிர்ந்தாலும் பிழைபடும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், பெண் தன்னார்வலர்கள் வீடுதேடிச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கின்றனர். அளவி கையில் கட்டப்பட்டிருக்கும் அந்நேரத்திலேயே ஒரு நிமிடம் நாடியை விரலால் தொட்டுப் பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை. 65 வயதைக் கடந்தோர்க்கு இவ்வாறு நாடி பார்க்குமாறு ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன. நடை ஒழுங்கற்றுத் தோன்றினால் அடுத்த படி மின்வரைபடம். அதிலும் ஐயம் நீங்காவிடில் ஒருநாள் முழுதும் உடலில் அணியும் பதிவுக்கருவி. தடுமாறும் நாடியில் மின்னணு அளவி காட்டும் அழுத்த எண்ணும் நம்பத்தக்கதன்று. அத்தகையோர்க்கு இருமுறையேனும் மீண்டும் அளப்பது தேவையாகிறது.