முதுமையை வரைதல்: கரியும் பஸ்டலும்

முதியவர் ஒருவரை வரையுமாறு கேட்டால் மாணவர் பலர் இளமுகமொன்றை வரைந்து, நெற்றியில் மூன்று கோடு, கன்னத்தில் இரண்டு கோடு, கையிலே பொல்லு என்று முடித்துவிடுகின்றனர். இது முதுமையன்று, கோடு விழுந்த இளமுகமே. வயது செல்லச் செல்லத் தோலின் கீழுள்ள கொழுப்பும் தசையும் குறைகின்றன. எலும்பின் வடிவம் வெளித்தெரிகின்றது. ஆகவே கண்குழி, கன்ன எலும்பு, தாடை, கழுத்து ஆகியவற்றையே நீங்கள் முதலில் அவதானிக்க வேண்டும். சுருக்கம் பிறகு.

ஜேர்மானிய ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1514 மார்ச்சில் தமது தாயார் பார்பராவைக் கரியினால் வரைந்தார். தாயாருக்கு அப்போது வயது 63. பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் பெரும்பாலானோரை இழந்தவர் அவர். படத்தை உற்றுப் பாருங்கள். தலையை மூடிய துணி சில கோடுகளோடு நின்றுவிடுகிறது. முகத்திலும் கழுத்திலுமே ஓவியரின் கை தங்கியிருக்கிறது. கன்னம் ஒட்டிய இடத்தில் நிழல்; கழுத்தில் புடைத்த நரம்புகள்; அதன் கீழே காறை எலும்பு. மகன் எதையும் அழகுபடுத்தவில்லை, மறைக்கவுமில்லை. இரண்டு மாதங்களில் தாயார் காலமானார். அச்செய்தியையும் டியூரர் அதே தாளில் மையினால் எழுதிவைத்தார். இப்படம் இன்று பேர்லினில் உள்ளது.

கரியில் ஒளியும் நிழலும் மாத்திரமே உண்டு. பஸ்டலோ நிறத்தையும் தருகின்றது. பிரெஞ்சு ஓவியர் ஷார்டின் (1699–1779) முதுமையில் கண் நோயுற்றதால் எண்ணெய் வர்ணத்தை விட்டுப் பஸ்டலுக்கு மாறினார். மூக்குக்கண்ணாடியுடன் 1771 இலும், கண்மறைப்புடன் 1775 இலும் தம்மையே வரைந்த படங்கள் பாரிஸ் லூவர் அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளன. 1775 ஆம் ஆண்டுப் படத்தில் முகத்தின் நிறங்களைத் தேய்த்துக் கலக்காமல், கீற்றுக் கீற்றாக அருகருகே இட்டிருக்கிறார்.

பாடசாலையில் நீங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது எண்ணெய்ப் பஸ்டல். அதனைக் கரியின் மேல் பூசினால் நிறம் அழுக்காகும். எனவே வெளிர்நிறப் பஸ்டலினாலேயே உருவரை இடுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். கபிலமும் ஊதாவும் போதும். வீட்டில் அம்மம்மாவை யன்னலோரம் அமரச் செய்து வரைந்து பழகுங்கள். கண்ணின் ஒளிப்புள்ளியை இறுதியிலே, சிறிதாக இடுங்கள். பெரிதாக இட்டால் அம்மம்மா சிறுமியாகிவிடுவார்!