ஒரு பெயருக்குள் ஆறு புழுக்கள்

1969ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வெஸ்ட் ஃபால்மவுத் கரையருகே ‘ஃபுளோரிடா’ என்ற எண்ணெய்ப் படகு தரைதட்டியது. ஏறத்தாழ 700,000 லிட்டர் எண்ணெய் கடலில் கலந்தது. மீன், நண்டு, சிப்பி எல்லாம் செத்துக் கரை ஒதுங்கின. ஆனால், எண்ணெய் ஊறிய அந்தச் சேற்றில் ஒரு புழு மட்டும் பல்கிப் பெருகியது.

அதன் பெயர் காப்பிட்டெல்லா காப்பிட்டாட்டா. மண்புழுவின் தூரத்து உறவு. நூலிழை போல் மெலிந்து சிவந்திருக்கும். 1780இல் கிரீன்லாந்துப் புழு ஒன்றுக்கு ஃபாப்ரிசியஸ் என்ற அறிஞர் கொடுத்த இனப்பெயரைத்தான், பிற்காலத்தில் உலகின் பல கரைகளில் கண்ட ஒத்த புழுக்களுக்கும் சூட்டிவிட்டார்கள். மற்றவை மடியும் சேற்றில் இது செழிப்பதால், இது நிறைய இருந்தால் அங்கே மாசு இருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கணக்கானது.

வுட்ஸ் ஹோலில் ஆய்வு செய்த ஜூடித் கிராசில், ஃபிரெட் கிராசில் தம்பதியர் இந்தப் புழுக்களை வளர்த்து, அவற்றின் நொதிகளைச் சோதித்தனர். டிஎன்ஏவை எளிதாகப் படிக்க முடியாத காலம் அது. புழுவின் சாற்றை ஜெல் தகட்டில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒவ்வொரு நொதியும் தன் மின்னேற்றத்துக்கு ஏற்ப வெவ்வேறு தூரம் நகரும். சாயமிட்டால் பட்டைகளாகத் தெரியும். நொதியை உருவாக்கும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. ஆகவே, பட்டையின் இடம் மாறினால் மரபணுவிலும் வேறுபாடு உண்டு.

எல்லாம் ஒரே இனமென்றால் கலந்து இனப்பெருக்கம் செய்திருக்கும். தாயின் பட்டையும் தந்தையின் பட்டையும் ஒரே பிள்ளையில் சேர்ந்து தெரிய வேண்டும். அப்படிக் கலந்ததற்கு அடையாளமே இல்லை. 1976இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர்கள் அறிவித்தார்கள்: இருந்தது ஒன்றல்ல, குறைந்தது ஆறு இனங்கள்! முட்டையின் அளவும், இளம்புழு நீரில் நீந்தும் காலமும்கூட வேறுபட்டன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து மரபில் பிரிந்து நிற்கும் இவற்றை ‘மறை இனங்கள்’ எனலாம்.

பெயர் மாறினால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். இங்கே குறைவது நம்பகம். சேற்றில் உருவாகும் நச்சான சல்பைடை இந்தச் சகோதர இனங்கள் ஒரே அளவில் தாங்குவதில்லை என்று பின்னர் தெரிந்தது. ஓர் ஆய்வுக்கூடம் சோதித்த புழு ஒன்று, கடலில் எண்ணிய புழு வேறொன்று என்றால், மாசுபற்றிய முடிவும் ஆட்டங்காணும்.

அந்த ஆறில் ஒன்று ‘இனம் 1’ என்ற எண்ணோடு பல ஆண்டுகள் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தது. காப்பிட்டெல்லா டெலெட்டா என்ற முறையான பெயர் அதற்கு 2009இல்தான் கிடைத்தது. 2013இல் அதன் முழு மரபுத்தொகுதியும் வெளியானது. எண்ணெய்ச் சேற்றுப் புழுவுக்கு இது பெரிய ஏற்றம்தான்.

இன்று சிறு திசுத்துண்டு போதும், மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றைப் படித்து ஒப்பிட்டுவிடலாம். ஆயினும், டிஎன்ஏ வேறுபாடு மட்டுமே புதிய இனத்துக்குச் சான்றாகிவிடாது. உடலமைப்பு, இனப்பெருக்கம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கல், அருங்காட்சியகக் குப்பிகளில் உள்ள பழைய புழுக்கள் பலவும் ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டவை. ஃபார்மலின் உடலின் வடிவத்தைக் காக்கும், டிஎன்ஏவைச் சிதைக்கும். அதனால், ஒரு பெயர் முதன்முதலில் எந்தக் கரையிலிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போய், சேற்றைச் சலித்து, புதிய புழுக்களை எத்தனாலில் போட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.