வாக்காளர் பட்டியலும் கூட்டாட்சி அரசின் கோரிக்கையும்: அமெரிக்க மாநிலங்களை முன்வைத்து

அமெரிக்காவில் தேர்தலை நடத்தும் பொறுப்பு மாநிலங்களுடையது. இந்தியாவில் உள்ளதுபோல் நாடு முழுமைக்கும் தேர்தல் நடத்தும் ஆணையம் அங்கில்லை. காங்கிரசுத் தேர்தல்களின் காலம், இடம், முறை ஆகியவற்றை மாநிலச் சட்டமன்றங்கள் வகுக்கும் என்றும், காங்கிரசு அவற்றை மாற்றலாம் என்றும் அரசமைப்பின் முதற் கூறு கூறுகிறது. குடியரசுத் தலைவரைப் பற்றி அவ்விடத்தில் பேச்சே இல்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டம் கணினிவழிப் பட்டியலைக் கட்டாயமாக்கியபோதும் பட்டியல் மாநிலத்தின் பொறுப்பிலேயே நீடித்தது.

2017 சூன் இறுதியில், குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையம் ஒன்று எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. பெயர், முகவரி, பிறந்த தேதி, கட்சிச் சார்பு, சமூகப் பாதுகாப்பு எண்ணின் இறுதி நான்கு இலக்கங்கள், 2006 முதலான வாக்களிப்பு விவரம் ஆகியன கோரப்பட்டன. சட்டப்படி பொதுவில் கிடைப்பவை போதும் என்று கடிதம் வரையறுத்திருந்தும் இரு கட்சியினரிடமும் எதிர்ப்பு எழுந்தது. கொலராடோவில் 3,000க்கும் மேற்பட்டோர் தம் பதிவைத் தாமே நீக்கிக்கொண்டனர். கோரிக்கை மட்டுமே பட்டியலைச் சுருக்கிவிட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. ஆணையம் 2018 சனவரியில் கலைக்கப்பட்டது.

2025இல் நீதித்துறை மீண்டும் பட்டியல்களைக் கோரியது. மறுத்த மாநிலங்கள்மீது வழக்குகளும் தொடுத்தது. செப்டம்பரில் ஒரிகனும் மெய்னும் முதலில் வழக்கிற்குள்ளாயின. அதற்குத் துணையாகக் காட்டப்பட்ட சட்டங்களுள் ஒன்று 1960ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைச் சட்டம். கறுப்பின மக்களுக்குப் பதிவு மறுக்கப்பட்டதைக் கண்டறிய ஆவணங்களைப் பாதுகாக்கச் சொன்ன சட்டம் அது. விடுபட்டோரைக் காண எழுந்த சட்டம், மிகுதியாகச் சேர்ந்தோரைத் தேடப் பயன்படுவது முரணே.

பட்டியலைப் பிற கோப்புகளுடன் ஒப்பிடுவதில்தான் உண்மையான இடர் உள்ளது. ஐம்பது ஆண்டுக்கால வீச்சில் பிறந்த, ஒரே பெயருடைய ஏறத்தாழ 160 பேர் இருந்தாலே, அவர்களுள் இருவருக்கேனும் பிறந்த நாள், திங்கள், ஆண்டு மூன்றும் ஒத்திருக்கும் வாய்ப்பு பாதியை எட்டும். பெயரும் பிறந்த தேதியும் பொருந்துவதால் மட்டும் இருவர் ஒருவராகிவிட மாட்டார்.

டெக்சாசு மாநிலம் 2019 சனவரியில் ஏறத்தாழ 95,000 வாக்காளர்களைக் குடியுரிமையற்றோராக இருக்கலாம் என அறிவித்தது. ஓட்டுநர் உரிமம் பெற்றபோது அவர்கள் அயல்நாட்டவர் என்பதே சான்று. பின்னர் அவர்களுட் பலர் குடியுரிமை பெற்றதை அக்கோப்பு காட்டவில்லை. சில நாட்களிலேயே ஏறத்தாழ 25,000 பெயர்கள் தவறாகச் சேர்க்கப்பட்டவை எனத் தெரியவந்தது. அறிவிப்புக் கடிதம் பெற்றவர் 30 நாட்களுக்குள் சான்று காட்டவேண்டியிருந்தது. வழக்குகளுக்குப் பின், ஏப்ரலில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நடவடிக்கை கைவிடப்பட்டது.

இது ஒரு மாநிலம் தன் கோப்புகளைத் தானே ஒப்பிட்டதன் விளைவு. நாடளாவிய ஒப்பீட்டில் இத்தகைய பொருத்தங்கள் பெருகும். கூட்டாட்சித் தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் தகுதியற்றோரை ஒட்டுமொத்தமாக நீக்கும் பணிகளை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதற்குமுன் நீக்கப்பட்டு, கடிதம் கைக்கு எட்டாத வாக்காளர், தம் பெயர் இல்லாததை வாக்குச்சாவடியில்தான் அறிவார்.