கோட்டுக்குள் உடல்கள்: குழுவிளையாட்டு நூல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி ஒருநாள் சாயங்காலம் வந்து, 'அண்ணே, நெட்பால் பத்தித் தமிழ்ல பொஸ்தகம் எதுவும் இருக்கா?' என்று கேட்டாள். பந்தல்குடியில் தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் பொதுவாகக் கேட்கப்படுவது கல்யாண வாழ்த்து மடலும் கண்ணீர் அஞ்சலி வாசகமும்தான். எதற்கு என்று கேட்டேன். 'ரூல் பொஸ்தகம் இங்கிலீஷ்ல இருக்கு. அது சார் கையில இருக்கு. அவரு சொல்றதுதான் ரூலு.' அதிகாரத்துக்கும் பிரதிக்கும் உள்ள உறவு குறித்து நாம் பத்திருபது பக்கங்களில் எழுதுவதை அவள் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டுப் போனாள். தேடத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் சேர்ந்த குறிப்புகள்.

முதலில் பெயரே தகராறு. வலைப்பந்து என்றால் நம்மூரில் பாதிப்பேர் வாலிபாலை நினைக்கிறார்கள். குறுக்கே வலை கட்டியிருப்பது அங்கேதானே. வளையப்பந்து என்றால் டென்னிகாய்ட். யாழ்ப்பாணத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே வாலிபால் கரப்பந்து, ஃபுட்பால் உதைபந்து, கிரிக்கெட் துடுப்பாட்டம், நெட்பால் வலைப்பந்து. பள்ளிக்கூடப் பெண்கள் பல தலைமுறைகளாக ஆடுகிற ஆட்டம் என்பதால் சொல்லும் புழக்கத்தில் தேய்ந்து பழகியிருக்கிறது. ஆடுகிறவர்கள் இருந்தால் சொல் தானாக நிலைத்துவிடும். குழு போட்டுச் சொல்லாக்கம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நூலக அலமாரிகளில் கிடைத்தவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தேவநேயப் பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' தொடங்கிவைத்த வகை. பாவாணர் ஆட்டங்களை ஆண்பால், பெண்பால், இருபால் என்று பிரித்து, பகலாட்டு இரவாட்டு என்று மேலும் பகுத்து, ஆடும் முறையையும் ஆட்டம் தோன்றிய விதத்தையும் எழுதினார். பெரிய உழைப்பு. ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்த உழைப்பை விட்டுவிட்டுப் பெருமிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'தமிழர்' என்ற ஒற்றை உடல் ஒன்று ஆதிகாலம் தொட்டுக் கிளித்தட்டு ஆடிக்கொண்டே இருக்கிறது. எந்தத் தெருவில் ஆடியது, யாரோடு ஆடியது, யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது பற்றிப் பேச்சே இல்லை.

இரண்டாவது வகை விதிநூல். டாக்டர் எஸ். நவராஜ் செல்லையா நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டு நூல்களைத் தமிழில் எழுதினார். கிராமத்து உடற்கல்வி ஆசிரியர்கள் பலருக்கு அவை கைவிளக்கு. இலக்கியச் சிற்றிதழ்க்காரர்கள் அவரை ஒரு பொருட்டாக மதித்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். விதிநூலை நாம் பிரதியாக எண்ணுவதே இல்லை. அது ஏதோ மருந்துச் சீட்டு மாதிரி. ஆனால் ஓர் உடல் எங்கே நிற்கலாம், எத்தனை விநாடி நிற்கலாம், இன்னோர் உடலை எவ்வளவு நெருங்கலாம் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்கிற வேறு எழுத்து எது? ஃபூக்கோ படித்தவர்கள் முதலில் திறக்க வேண்டியது இதைத்தான்.

நெட்பாலின் கதையே ஒரு வகையில் அச்சேறிய விதிகளின் கதை. 1891இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். 1895இல் நியூ ஆர்லியன்ஸில் கிளாரா பேர் என்ற உடற்கல்வி ஆசிரியை பெண்களுக்கான விதிகளை அச்சிட்டார். நெய்ஸ்மித் அனுப்பிய வரைபடத்தில் ஆட்டக்காரர்கள் எங்கே நின்றால் வசதி என்று புள்ளிக்கோடு போட்டிருந்ததாம். அதைத் தாண்டக்கூடாத எல்லைக்கோடு என்று பேர் வாசித்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். தப்பான வாசிப்பு விதியாகிவிட்டது. கட்டுடைப்பாளர்கள் இதைக் கேட்டால் கொண்டாடுவார்கள். ஆனால் அந்தத் தப்பு அந்தக் காலத்துக்குச் சௌகரியமாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெண் அதிகம் ஓடக்கூடாது, இடிபடக்கூடாது, நீளப் பாவாடையோடு பந்தைத் தட்டிக்கொண்டு போக முடியாது.

இங்கிலாந்தில் பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் அம்மையாரின் உடற்பயிற்சிக் கல்லூரிப் பெண்கள் அமெரிக்க ஆட்டத்தை மாற்றி மாற்றி ஆடியதில் நெட்பால் உருவானது. 1901இல் லிங் சங்கம் முதல் விதிப்புத்தகத்தை வெளியிட்டது, 250 பிரதிகள். நம் சிற்றிதழ்களின் கணக்குத்தான். அந்த 250 பிரதிகள் போட்ட கோடு பேரரசின் பள்ளிக்கூடங்கள் வழியாக ஜமைக்கா, நியூசிலாந்து, இலங்கை என்று போனது. ஊருக்கு ஊர் விதி வேறாக இருந்ததால் 1960இல் இலங்கையில் கூடி விதிகளை ஒன்றாக்கினார்கள். முதல் உலகப் போட்டி 1963இல் ஈஸ்ட்போர்னில் நடந்தது.

ஆட்டம் இதுதான். பக்கத்துக்கு ஏழு பேர். 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம், குறுக்கே மூன்று சம பாகங்கள், இரண்டு முனையிலும் அரைவட்டம். பத்தடி உயரத்தில் வளையம், பின்னால் பலகை கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. மூன்று விநாடிக்குள் வீசிவிட வேண்டும். ஒவ்வொருத்தி மார்பிலும் முதுகிலும் எழுத்து. அந்த எழுத்துத்தான் அவள் எங்கே போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. கோல் போடும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும். எங்கள் தெருப் பெண் ஆடுவது விங் டிபென்ஸ். அவள் எந்த அரைவட்டத்துக்குள்ளும் காலை வைக்க முடியாது.

இதைப் படித்ததும் ஊர், சேரி, கோயில், கருவறை என்று எழுதக் கை பரபரக்கிறது. நானும் இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். ஏனென்றால் ஆடுகளத்தின் கோடு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் சுண்ணாம்பால் போடப்படுவது. இரண்டு பக்கத்துக்கும் ஒன்றேபோல் போடப்படுவது. மிதித்தால் தண்டனை, பந்து எதிரணிக்குப் போவது மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கால் பங்கு ஆட்டம் முடிந்து இடைவேளை விடும்போது எழுத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். விங் டிபென்ஸ் கோல் ஷூட்டராகலாம். ஊரில் இருக்கிற கோட்டுக்குச் சுண்ணாம்பும் இல்லை, இடைவேளையும் இல்லை. விதிநூல் ஒடுக்குகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எழுதப்பட்ட விதியோடு வாதாடலாம். அந்தப் பெண் புத்தகம் கேட்டதே அதற்குத்தான்.

ஆனால் விதிநூல் எதை விழுங்குகிறது என்பதற்கும் நம்மிடம் ஓர் உதாரணம் உண்டு. சடுகுடு. இந்த வட்டாரத்தில் பாடிப் போவது என்றுதான் சொல்வார்கள். ஊருக்கு ஊர் பாட்டு வேறு. எதிரணியைச் சீண்டுகிற பாட்டு, ஊர்ப்பெருமைப் பாட்டு, கெட்டவார்த்தைப் பாட்டு. மகாராஷ்டிரத்தில் 1920களில் விதிகள் தொகுக்கப்பட்டன. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அம்ராவதிக் குழு ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியச் சம்மேளனம், 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டு. இப்படி மேலேறி வந்த வழியில் விதி ஒன்று சேர்ந்துகொண்டது: பாடிப்போகிறவன் 'கபடி' என்ற ஒரே சொல்லைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூச்சு விடவில்லை என்பதற்கு அத்தாட்சியாக நடுவர் காதில் விழ ஒரு சொல் வேண்டும், அவ்வளவுதான். நியாயமான தேவை. ஆனால் அந்த ஒரு வரிக்காக எத்தனை நூறு பாட்டுகள் களத்தைவிட்டு வெளியேறின! நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் சேகரித்த அக்கறையோடு இவற்றைச் சேகரித்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் குழுவிளையாட்டைப் பற்றிய நூல் என்பது வேறு எப்படி இருக்க முடியும்? மேற்கிந்தியத் தீவுகளின் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட 'பியாண்ட் எ பவுண்டரி' ஒரு விடை. டுனாபுனாவில் தன் வீட்டு ஜன்னலில் நாற்காலி போட்டு ஏறி நின்று மைதானத்தைப் பார்க்கிற சிறுவனில் தொடங்குகிற புத்தகம் அது. டிரினிடாடில் அப்போது கிளப்புகள் தோலின் நிறத்தைப் பார்த்துப் பிரிந்திருந்தன. கறுப்புக் கீழ்நடுத்தர வர்க்கத்துக்கு ஷானன். மாநிறப் படித்த கூட்டத்துக்கு மேப்பிள். கறுப்பரான ஜேம்ஸுக்கு இரண்டிலும் வாசல் திறந்திருந்தது. அவர் மேப்பிளில் சேர்ந்தார். அந்த முடிவு தன் அரசியல் வளர்ச்சியைப் பல வருடம் தள்ளிப்போட்டது என்று பின்னால் தானே எழுதினார். மார்க்சியராகி, 1960இல் ஃபிராங்க் வொரலை அணித்தலைவராக்க வேண்டும் என்று பத்திரிகையில் போராடிய மனிதர், தான் இளமையில் எந்த அணியில் நின்றேன் என்பதை மறைக்கவில்லை. அந்தப் புத்தகத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது.

நானும் ஒரு மேப்பிள்காரன்தான். இருபது வருடத்துக்கு முன்னால் வறண்ட கண்மாய்க்குள் வேலிக்கருவையை வெட்டிவிட்டுக் கிரிக்கெட் பிட்ச் போட்டிருந்தோம். காலனிப் பையன்களுக்குத் தனி டீம், கண்மாயின் அந்தப் பக்கம். அதில் ஒருவன் மின்னல் வேகத்தில் பந்து போடுவான். வெளியூர் டோர்னமெண்டுக்கு அவனை மட்டும் அழைத்துப் போனோம். விக்கெட்டுகளை அள்ளினான், கோப்பை வந்தது. போட்டி நடத்தியவர்கள் சாப்பாடு போட்டபோது அவனுக்கு வெளியே தனி இலை. நாங்கள் பத்துப்பேர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டோம். கோப்பையோடு எடுத்த போட்டோவில் அவன் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டான் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். எங்களில் யாரும் நிமிர்ந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பின்னால் ராமச்சந்திர குஹாவின் 2002ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பல்வங்கர் பாலுவின் வரலாற்றைப் படித்தபோது அந்த இலை ஞாபகத்துக்கு வந்தது. தலித் சமூகத்தில் பிறந்த பாலு 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். புனேயில் அவரோடு ஒரே அணியில் ஆடிய மேல்சாதிக்காரர்கள் பந்தைத் தொடுவார்கள்; தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, மண்குவளையில். அவர் கடைசிவரை இந்து அணிக்குத் தலைவராகவில்லை. தம்பி விட்டல்தான் 1923இல் ஆனார். அந்த விட்டல் 1948இல் மராத்தியில் தன் விளையாட்டு வாழ்க்கையை நூலாக எழுதினார். குஹாவுக்கு அது பெரிய ஆதாரம். ஆட்டக்காரனே எழுதிய அப்படியொரு நூல் தமிழில் எனக்குத் தட்டுப்படவில்லை. சினிமா முந்திக்கொண்டது: 'வெண்ணிலா கபடிகுழு' 2009இல், 'லப்பர் பந்து' 2024இல், மணத்தி கணேசனின் வாழ்க்கையை ஒட்டிய 'பைசன்' 2025இல். எழுத்தாளர்கள் திரையரங்கில் உட்கார்ந்து கைதட்டினோம்.

ஜேம்ஸையும் முழுதாக மன்னிக்க வேண்டியதில்லை. அவருடைய புத்தகத்தில் பாட்டியும் அத்தையும் உண்டு; பெண்கள் ஆடுகிற அணி கிடையாது. அது வந்து பதினாறு வருடத்தில், 1979இல், அதே டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நடந்த உலக நெட்பால் போட்டியில் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது டிரினிடாட் பெண்கள் அணி.

நமக்கு நெருக்கமான கதை ஒன்று எழுதப்படாமல் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். ஆறடிக்கு வெகு மேலே வளர்ந்த பெண். இலங்கை அணியின் கோல் ஷூட்டர். 2009இலும் 2018இலும் அந்த அணி ஆசியப் பட்டம் வென்றது; 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் உலகத்திலேயே அதிக கோல் போட்டவர் அவர். 2009 என்ற எண்ணை நாம் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது. முள்ளிவாய்க்காலின் ஆண்டு அது. அதே ஆண்டில் ஒரு தமிழ்ப்பெண் அந்த நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு அரைவட்டத்துக்குள் நிற்கிறாள். சிங்களப் பெண்கள் உயரத்தில் வீசுகிற பந்தைப் பிடித்து வளையத்தில் போடுகிறாள். துரோகம் என்று ஒருவர் எழுதலாம், நல்லிணக்கம் என்று அரசாங்கம் எழுதும். இரண்டுமே அவள் நின்ற அந்த அரைவட்டத்துக்குள் நுழையாத எழுத்து. மூன்று விநாடிக்குள் பந்தைக் கைவிட்டாக வேண்டிய ஓர் உடலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை எழுத வேண்டுமானால், நெட்பால் விதியும் தெரிய வேண்டும், யாழ்ப்பாணமும் தெரிய வேண்டும்.

கடைசியில் ஆங்கில விதிகளை இணையத்திலிருந்து எடுத்து, நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். விங் டிபென்ஸுக்குச் சிறகுக் காவலர் என்று போட்டிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள். 'இத அடிச்சிருங்கண்ணே, விங் டிபென்ஸுன்னே இருக்கட்டும். இந்த மூணடி தூரம்னு சொல்றாங்கள்ல, அத எங்கயிருந்து அளக்கணும்?' பந்து வைத்திருப்பவள் ஊன்றிய காலுக்கும் தடுப்பவளின் கிட்டத்துக் காலுக்கும் நடுவே, தரையில், 0.9 மீட்டர் என்று காட்டினேன். 'அப்ப கைய நீட்டலாம்?' நீட்டலாம், தொடக்கூடாது. 'நான் கைய நீட்டுனாலே தப்புன்னு விசில் அடிச்சாங்க' என்றாள். எங்கள் வீட்டு முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்து மூன்றடி அளந்து, கரித்துண்டால் ஒரு கோடு போட்டு நின்று பார்த்தாள். நோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.