கடைமடைக்கு எட்டாத ஆயில்

எட்டயபுரத்தை ஒட்டி மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலை போகிறது. இருபுறமும் கரிசல், நீண்ட நேர்ப் பாதை, மே மாதத்தில் கொதிக்கும் தார். பழைய கார் வைத்திருப்பவருக்கும் இங்கே ஆக்சிலேட்டரில் கால் கொஞ்சம் கூடுதலாகவே அழுந்தும். வண்டி சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது கீழிருந்து ‘கட கட’ என்று ஒரு தட்டல் கேட்கும். ஓரங்கட்டி டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் இருக்கிறது. ஆனால் பிஸ்டனின் ராடு கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங் போய்விட்டது. அடித்தொட்டியான சம்ப்பில் ஆயில் கிடக்கும்போதே இன்ஜின் பட்டினியில் சாவது பலருக்கு நம்ப முடியாத விஷயம்.

தமிழ்நாட்டில் பிறந்த ஒரு காரை வைத்தே இதைப் பார்க்கலாம். வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைத் தயாரித்தது. அதில் 948 சிசி இன்ஜின். இங்கிலாந்தில் 1962-இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்து 1147 சிசி இன்ஜின்தான், இரட்டை கார்புரேட்டரோடு. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. இரண்டிலும் மட்கார்டோடு சேர்த்து முன்பக்கம் முழுவதும் முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக்கின் கை எட்டுவதற்கு இதைவிட வசதியான காரை நான் பார்த்ததில்லை.

ஓடும் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதே இல்லை. ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டே சுழல்கிறது. இதற்கு முதல் தடயம் கிடைத்தது 1883-இல், எட்டயபுரத்தில் பாரதி கைக்குழந்தையாக இருந்த ஆண்டில். இங்கிலாந்துப் பொறியாளர் பீச்சம் டவர் ரயில் அச்சுகளின் உராய்வைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் அவர் போட்ட துளை வழியே ஆயில் வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தெறித்தது. மரமுளை அடித்தார், அதுவும் வெளியே வந்தது. பிறகு அழுத்தமானியைப் பொருத்தினார். முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்ற அதன் எல்லையையே தாண்டியது. அந்த பேரிங்கின் மேல் இருந்த சுமையோ சராசரியாக 100 பவுண்டுதான்!

காரணத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். சுழலும் தண்டு மையத்திலிருந்து சற்று விலகி நிற்கிறது. அதனால் ஒரு பக்கம் இடைவெளி குறுகிக்கொண்டே போகிறது. தண்டு தன் மேல் ஒட்டிய ஆயிலை அந்தக் குறுகலுக்குள் இழுத்துச் செல்ல, அங்கே அழுத்தம் ஏறித் தண்டையே தூக்கிவிடுகிறது. ஆயில் பம்ப் சுமையைத் தாங்குவதாக நினைக்கிறோம். பம்ப் ஆயிலைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான். தாங்குவது சுழற்சி. படலத்தின் மிக மெல்லிய இடம் சில மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான்.

சிக்கல் இந்தக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான். சம்ப்பிலிருந்து பம்ப், ஃபில்டர், பிரதானக் குழாய்வழி, கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங், பிறகு கிராங்குக்குள் குடைந்த துளை வழியாக பிக் எண்ட். ஆக, பிக் எண்ட் ஒரு கடைமடை வயல். அதோடு, ஹெரால்டு இன்ஜினில் நான்கு பிக் எண்டுகளுக்கு மூன்றே மெயின் பேரிங்குகள். தலைமடையில் உடைப்பு எடுத்தால் கடைமடை காய்வதுபோல, மெயின் பேரிங் தேய்ந்தால் ஆயில் அங்கேயே ஒழுகிவிடும். இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்காகும்.

இதில் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. 20டபிள்யூ-50 ஆயிலுக்கு 40 டிகிரியில் இருக்கும் பிசுபிசுப்பில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் மிஞ்சும். வேகம் இரண்டு மடங்கானால் பிஸ்டனும் ராடும் பேரிங்கை இழுக்கும் விசை நான்கு மடங்கு. எட்டயபுரம் மாதிரி நேர்ச்சாலையில் பழைய இன்ஜினைக் கொல்வது இந்தக் கூட்டணிதான். கடைசியாக வந்த 1493 சிசி ஸ்பிட்ஃபயர் இதற்குப் பேர்போனது: ஸ்ட்ரோக் 87.5 மி.மீ., ஆனால் அப்போதும் மெயின் பேரிங் மூன்றுதான்.

பந்தயப் பாதையில் கதை வேறு. சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில், ஃபியட்டுகளோடு ஹெரால்டுகளும் பாய்ந்தன. வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் பாதி வந்தாலே சம்ப்பில் ஆயில் மட்டம் 27 டிகிரி சாயும். சமமாக வந்தால் 45. உறிஞ்சும் குழாயின் வாய் காற்றில் நிற்கும், பம்ப் காற்றைக் குடிக்கும். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு நூறு சுற்று சுற்றுகிறது. ஒரு நொடிப் பட்டினி என்றால் நூறு சுற்று. ஷெல் பேரிங்கின் மென்மையான மேற்பூச்சு அதற்குள் உருகி இழுபட்டுவிடலாம். போர்ஷே 911 ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நம் கார்களுக்கு சம்ப்பில் தடுப்புத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே கட்டுப்படியாகும்.

பலர் கவனிக்காத பட்டினி ஒன்று காலையில் நடக்கிறது. ஸ்பிட்ஃபயரில் ஆயில் ஃபில்டர் படுக்கைவாக்கில் இருக்கிறது. திரும்பி வடிவதைத் தடுக்கும் வால்வு இல்லாத ஃபில்டரை மாட்டினால், இரவோடு இரவாக ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் முதல் சில நொடிகள் பிக் எண்ட் வறண்டே சுற்றும். ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் பழைய காருக்கு, சரியான ஃபில்டர் வாங்குவதுதான் மிக மலிவான வைத்தியம்.

தட்டல் கேட்ட உடனே நிறுத்தினால் கிராங்க் தப்பிக்கும். பட்டறையில் அதை கிரைண்டிங் செய்து, அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது என்று குறைத்து, அதற்கேற்ற தடித்த ஷெல்லைப் போடலாம். ‘வீடு வரை போய்விடும்’ என்று ஓட்டினால் ராடு உடைந்து பிளாக்கைப் பொத்துக்கொண்டு வரும். அதன் பிறகு தேட வேண்டியது வேறு இன்ஜினைத்தான்.